கடைசி ஐந்து மீட்டர்: திருகோணமலைக் கடலில் ஒரு மூச்சடக்கு மயக்கம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதக் காலையில், என் பொறுப்பில் மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கிய ஒருவர் மேலே வரும் வழியில், நீர்மட்டத்துக்கு ஐந்து மீட்டர் கீழே நினைவிழந்தார். மேலே கொண்டுவந்த எட்டாவது வினாடியில் மூச்சு திரும்பியது. இன்று நலமாக இருக்கிறார். நல்லபடியாக முடிந்தது என்று விட்டுவிட்டிருக்கலாம். ஆனால் அன்று மாலை உட்கார்ந்து பேசியபோது ஒன்று தெரியவந்தது. அன்று இப்படி நடக்கக்கூடும் என்பதற்கான அறிகுறிகள் எங்களில் மூன்று பேரிடம் ஆளுக்கொரு துண்டாக ஏற்கெனவே இருந்திருக்கின்றன. பொறுப்பாளரான என்னிடம் ஒரு துண்டும் வந்து சேரவில்லை. அது எப்படி நேர்ந்தது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் படித்து, சம்மதம் சொன்ன பிறகே வெளியிடுகிறேன். பெயர்கள் இல்லை.

பின்னணி: மூழ்கியவர்

அவருக்கு அப்போது 34 வயது. சென்னையில் மென்பொருள் வேலை, சொந்த ஊர் தூத்துக்குடி. தாத்தா முத்துக் குளித்தவர். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதற்கு முன் 1955 முதல் நடந்த குளிப்புகளிலும் தாத்தா இறங்கியிருக்கிறார். காலில் கல்லைக் கோத்துக்கொண்டு இறங்குவது, ஒரு நிமிடத்தை ஒட்டிக் கீழே இருந்து சிப்பியைப் பொறுக்குவது, கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுப்பது என்று தாத்தா சொன்ன கதைகளோடு வளர்ந்தவர் இவர். தாத்தா ஆழத்தை மீட்டரில் சொன்னதில்லை, பாகத்தில்தான் சொல்வார். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. "பத்து பாகம் சாதாரணம்டா, பதினைஞ்சு பாகம் போனவனும் உண்டு" என்று தாத்தா சொன்னது இவர் மனதில் அப்படியே தங்கிவிட்டது.

எங்களிடம் ஃப்ரீடைவிங், அதாவது மூச்சுக்கருவி இல்லாமல் மூச்சை அடக்கி மூழ்குவதைக் கற்க வந்தபோது பெரும்பாலானவர்கள் சொல்லும் காரணத்தை அவர் சொல்லவில்லை. "மன அழுத்தம் குறையணும்" என்றோ "வீடியோ பார்த்தேன்" என்றோ சொல்லாமல், "தாத்தா பார்த்த இடத்தைப் பார்க்கணும்" என்றார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பிடித்திருந்ததும் பின்னால் நடந்ததில் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு வருடம் நீச்சல்குளத்தில் ஒழுங்காகப் பயிற்சி எடுத்தார். அசையாமல் மிதந்தபடி நான்கு நிமிடம் மூச்சடக்குவார். காதுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்வது மட்டும் ஆரம்பத்தில் தகராறாக இருந்து, பிறகு கைவந்தது. மருத்துவச் சான்று வாங்கியிருந்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றே ஒன்றுதான் எனக்கு உறுத்தியது. இந்தோனேசியாவின் பஜாவ் கடலோடிகளைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வந்தது. பக்கத்தில் நிலத்தில் வாழும் சாலுவான் மக்களைவிட அவர்களுக்கு மண்ணீரல் ஏறக்குறைய பாதி மடங்கு பெரிது, மூழ்காத பஜாவ்களுக்கும் அப்படியே, அதற்கு மரபணுக் காரணம் உண்டு என்று கண்டறிந்தார்கள். மூச்சடக்கும்போது மண்ணீரல் சுருங்கி, தேக்கி வைத்திருக்கும் சிவப்பணுக்களை இரத்தத்தில் விடுகிறது. மண்ணீரல் பெரிதானால் கைவசம் இருக்கும் ஆக்சிஜனும் கொஞ்சம் கூடும். இதைப் படித்துவிட்டு, "எனக்கும் இரத்தத்துல இருக்கும் அக்கா" என்றார் ஒருநாள். பஜாவ் மக்களிடம் அது பல தலைமுறைகளாகத் தேர்ந்து நின்ற குணம், ஒரு தாத்தாவின் தொழிலால் பேரனுக்கு வந்துவிடாது என்று விளக்கினேன். தலையாட்டினார். ஆனால் நம்பிக்கை போனதா என்று நான் திரும்பக் கேட்கவில்லை.

பின்னணி: இடமும் கூட வந்தவர்களும்

திருகோணமலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் ஆழம். கொட்டியாரக் குடாவுக்குள்ளிருந்தே ஒரு பெரிய ஆழ்கடல் பள்ளத்தாக்கு தொடங்கி, வெளியே போகப் போக 3,000 மீட்டரைத் தாண்டி இறங்குகிறது. கரையைப் பார்த்தபடியே, அடி தெரியாத நீலத்தில் கயிறு போடக்கூடிய இடங்கள் நம் பக்கத்தில் வேறு அதிகமில்லை. அந்த ஆழத்தை நம்பித்தான் நீலத் திமிங்கிலங்களும் எண்ணெய்த் திமிங்கிலங்களும் அங்கே வருகின்றன. ஜூனில் கச்சான் காற்று பகலில் ஏறும். ஆனால் விடியற்காலையில் கடல் கண்ணாடி போலக் கிடக்கும். ஆகவே ஐந்தரைக்கு வள்ளம் ஏறி, ஒன்பதுக்குள் திரும்புவது என்று திட்டம்.

நாங்கள் ஐந்து பேர். பயிற்றுநர் நான். மாணவர்கள் மூவர்: தூத்துக்குடிக்காரர், அவருடைய மனைவியின் தம்பி, ஒரு பள்ளி ஆசிரியை. வள்ளத்தை ஓட்டியவர் உள்ளூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். இளமையில் சிங்கி இறாலுக்காக மூச்சடக்கிச் சுழியோடியவர். நாங்கள் எல்லோரும் அவரை "அண்ணை" என்போம்.

மைத்துனர்கள் இருவரும் சேர்ந்து வந்ததை நாங்கள் எல்லோருமே ரசித்தோம். முத்துக் குளிக்கிறவன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான் என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்வார்கள். அக்காவின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் அவன் கண் அயர மாட்டான் என்பது கணக்கு. அப்படியே இங்கேயும் மிதவையில் கயிற்றைப் பிடித்து நேரம் பார்க்கும் வேலை மச்சானுடையது என்று முதல் நாளே முடிவானது. அது விளையாட்டாக எடுத்த முடிவு. தகுதி பார்த்து எடுத்ததில்லை.

முதல் மூன்று நாள்

முதல் நாள் 12, 16, 18 மீட்டர். ஒரு சிக்கலும் இல்லை. 18 மீட்டர் என்பது பத்து பாகம். அன்று மேலே வந்து முகமூடியைக் கழற்றியபோது அவர் அழுதார். நானும் கொஞ்சம் கலங்கிப்போனேன்.

இரண்டாம் நாள் 20, 22, 24 மீட்டர். 24 மீட்டரில் அவர் மேலே வந்தபோது ஏதோ சரியில்லை என்று தோன்றியது. முகம் இறுகியிருந்தது. கேட்டேன். "வயிறு ரொம்ப உதறிடுச்சு அக்கா, மத்தபடி ஓகே" என்றார். மூச்சடக்கும்போது கரியமில வாயு சேரச் சேர உதரவிதானம் துடிக்கும். அதைத்தான் உதறல் என்கிறோம். அது இயல்பானது, பயிற்சியில் பழகிப்போவது. அதனால் நான் அதற்கு மேல் தோண்டவில்லை.

மூன்றாம் நாள் விடியலிலேயே காற்று. இறங்கவில்லை. எல்லோரும் கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோயில் நிற்கும் சுவாமிமலைப் பாறையின் விளிம்பில் நின்று பார்த்தால் கடல் செங்குத்தாகக் கீழே கிடக்கும், பச்சை சட்டென்று கருநீலமாக மாறும் இடம் தெரியும். அவர் அங்கே வெகுநேரம் நின்றார். "நாளைக்குப் பதினைஞ்சு பாகம் போலாமா அக்கா?" என்று கேட்டது அங்கேதான்.

பதினைந்து பாகம் என்றால் 27 மீட்டரும் கொஞ்சமும். 28இல் தட்டைக் கட்டலாம் என்றேன். எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதைக் காட்டக் கயிற்றின் அடியில் கட்டுவதுதான் தட்டு.

இந்த முடிவைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும். 24க்குப் பிறகு 26, அப்புறம் 28 என்று போவதுதான் என் வழக்கம். அன்று ஒரு படியைத் தாண்டினேன். ஒரு நாள் ஓய்வு கிடைத்திருக்கிறது, உடல் தெம்பாக இருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். தவிர, எங்கள் துறையில் 28 மீட்டரைப் பெரிய ஆழமாக யாரும் எண்ணுவதில்லை. 1949இல் இத்தாலியின் காப்ரி தீவில் ரைமோந்தோ புக்கெர் 30 மீட்டர் இறங்கப்போகிறேன் என்றபோது, நெஞ்சுக்கூடு நொறுங்கிவிடும் என்று எச்சரித்தார்கள். அவர் போய்த் திரும்பினார். 1976இல் ஜாக் மயோல் எல்பா தீவருகே 100 மீட்டரைத் தொட்டார். அழுத்தம் ஏறும்போது கைகால்களிலிருந்து இரத்தம் நெஞ்சுக்குள் நகர்ந்து நுரையீரல் நசுங்காமல் காக்கிறது என்பது அதற்குள் தெரிந்திருந்தது. இன்று 30 மீட்டர் இரண்டாம் நிலை மாணவருக்கான இலக்கு. இப்படிப் பெரிய எண்களையே கேட்டுக் கேட்டு, சிறிய எண்ணின் மேல் மரியாதை போய்விடுகிறது. காலில் மாட்டிய துடுப்பை மட்டும் நம்பி 100 மீட்டரைத் தாண்டிய முதல் பெண்ணான நதாலியா மொல்சானொவா, 2015 ஆகஸ்ட் 2 அன்று ஸ்பெயினின் ஃபொர்மென்தேரா தீவருகே காணாமல் போனார். அன்று அவர் இறங்கியது 30, 40 மீட்டருக்குத்தான். இதை நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வேன். அன்று நினைத்துப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் காலை

ஆறு மணிக்குக் கயிறு போட்டோம். அலை இல்லை, நீரோட்டம் லேசு. மிதவையில் மச்சான், வள்ளத்தில் ஆசிரியையும் அண்ணையும். நீரில் காவலுக்கு நான் ஒருத்தி மட்டும்.

முதலில் 15 மீட்டர், பிறகு 22 மீட்டர் பழக்க இறக்கம். இரண்டும் நன்றாக இருந்தன. அடுத்து 28. மிதவையின் மறுபக்கம் திரும்பி, கயிற்றை நீட்டி, தட்டின் ஆழத்தைக் குறித்து முடிச்சைச் சரிபார்த்தேன். அதற்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிடமும் அவர் என் முதுகுக்குப் பின்னால் இருந்தார்.

பேசிக்கொண்ட திட்டம் இது: தட்டைத் தொட்டவுடன் திரும்புவது, மொத்தம் ஒன்றேகால் நிமிடத்துக்குள் மேலே வருவது, பத்து மீட்டரில் நான் எதிர்கொள்வது.

இறங்கினார். 38ஆவது வினாடியில் தட்டைத் தொட்ட அதிர்வு கயிற்றில் வந்தது. மச்சான் கை உயர்த்தினார். 55ஆவது வினாடியில் நான் இறங்கினேன். பத்து மீட்டரில் அவர் இல்லை. கீழே பார்த்தேன். கயிறு மட்டும் நீலத்துக்குள் போய் மறைந்தது.

அந்த இடத்தில் இரண்டு வழிகள். மேலே போய்க் கயிற்றை இழுக்கச் சொல்லலாம். அவருடைய மணிக்கட்டுப் பட்டி கயிற்றோடு கோக்கப்பட்டிருக்கிறது, இழுத்தால் தட்டோடு வந்துவிடுவார். அல்லது இன்னும் கீழே போகலாம். அவர் கீழே சிக்கியிருக்கிறாரா, சும்மா இருக்கிறாரா என்று தெரியாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. என் கையிருப்பில் இன்னும் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் மூச்சு இருந்தது. ஆகவே கீழே போனேன். ஒன்றேகால் நிமிடத்தில், 15 மீட்டரில் அவர் எதிரே வந்தார்.

முகத்துக்கு முகம் நேராக வைத்து இருவரும் ஏறினோம். முதலில் கவனித்தது கால்கள். நிதானமான நீண்ட வீச்சு போய், படபடவென்று சின்னச் சின்ன உதையாக மாறியிருந்தது. அப்புறம் கண்கள். என்னைப் பார்க்கும் திசையில் இருந்தன, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. பத்து மீட்டரில் கை கொடுக்கத் தயாரானேன். ஐந்து மீட்டரில் கால் நின்றது. வாயிலிருந்து கொஞ்சம் காற்றுக் குமிழ் வெளியேறியது. தலை தொங்கியது.

மீட்பு

ஒரு கையால் தாடையை மூடிப் பிடித்தேன், மறு கையைப் பின்தலைக்குக் கொடுத்தேன். வாயும் மூக்கும் மூடியிருக்கும்வரை தண்ணீர் உள்ளே போகாது. மயக்கத்தின் தொடக்கத்தில் குரல்வளை தானாகவே இறுக மூடிக்கொள்ளும். அந்தச் சில வினாடிகள்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். மேலே வந்தபோது 1 நிமிடம் 33 வினாடி.

மல்லாத்தி, முகத்தை நீருக்கு மேலே நிறுத்தி, முகமூடியைக் கழற்றினேன். கண்ணுக்குக் கீழே ஊதினேன், கன்னத்தைத் தட்டினேன், பெயர் சொல்லி "மூச்சு எடுங்க, மூச்சு எடுங்க" என்றேன். முகத்தோல் நனைந்திருக்கும்வரை உடல் இன்னும் நீருக்குள் இருப்பதாகவே எண்ணி மூச்சை அடைத்து வைத்திருக்கும். காற்று படுவதும் பழகிய குரல் கேட்பதும் அந்தப் பூட்டைத் திறக்கின்றன. பத்து வினாடியில் மூச்சு வராவிட்டால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். எட்டாவது வினாடியில் இழுத்தார். உதடு நீலமாக இருந்தது. "என்னாச்சு? மேலே வந்துட்டேனா?" என்று கேட்டார். தட்டை விட்டுப் புறப்பட்டது வரைதான் அவருக்கு நினைவு.

மச்சான் மிதவையைப் பிடித்தபடி உறைந்துபோயிருந்தார். அண்ணை நான் கூப்பிடுவதற்கு முன்பே வள்ளத்தைப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார். ஆசிரியை ஆக்சிஜன் உருளையைத் திறந்து வைத்திருந்தார். முதல் நாள் கரையில் இதை ஒத்திகை பார்த்திருந்தோம். அன்று நான் சரியாகச் செய்த சில விஷயங்களில் அந்த ஒத்திகையும் ஒன்று.

வள்ளத்தில் எடுத்த முடிவுகள்

பத்து நிமிடம் ஆக்சிஜன் கொடுத்தோம். முகத்தில் நிறம் திரும்பியது, பேச்சு தெளிவானது. "அரை மணி கழிச்சு ஒரு பதினஞ்சு மீட்டர் மட்டும் போயிட்டு முடிச்சுக்கலாமா?" என்று கேட்டார். பயத்தோடு முடிக்க வேண்டாம் என்பது அவர் எண்ணம். மயக்கம் போட்ட நாளில் மறுபடி இறங்கக் கூடாது என்பது எங்கள் விதி. அதில் விவாதமே இல்லை.

ஆக்சிஜனை நிறுத்திக் கால் மணி நேரம் கழித்து விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினேன். 93. வெறும் மூச்சடக்கு மயக்கம் என்றால் அதற்குள் 97க்குத் திரும்பியிருக்க வேண்டும். விரல் குளிரில் தப்புக் காட்டலாம் என்று துடைத்து, தேய்த்து, வேறு விரலில் போட்டேன். 94.

இங்கேதான் விஷயத்தின் போக்கு மாறியது. ஆக்சிஜன் அளவு ஏறவில்லையென்றால் நுரையீரலிலேயே ஏதோ இருக்கிறது. "இருமல் இருக்கா? எச்சில்ல இரத்தம் ஏதாவது பார்த்தீங்களா?" என்று கேட்டேன். "இல்ல" என்றார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். நான் மச்சானைப் பார்த்தேன். யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மச்சான்தான், "முந்தாநாள் துப்பினப்ப சிவப்பா இருந்துச்சு அக்கா" என்றார்.

நேராகக் கரைக்கு, அங்கிருந்து மருத்துவமனைக்கு. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் லேசான மங்கல். இரவு அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் ஆக்சிமீட்டர் 97 காட்டியது. சென்னை விமானத்தை ஐந்து நாள் தள்ளிப்போட்டோம், மருத்துவர் சொன்ன பிறகே ஏறினார்.

மாலையில் தெரியவந்தவை

மருத்துவமனை வராந்தாவில் ஒவ்வொன்றாக வெளிவந்தது.

இரண்டாம் நாள் 24 மீட்டரில், தட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்க அவர் கழுத்தைப் பின்னால் வளைத்துக் கையை நீட்டியிருக்கிறார். அந்த ஆழத்தில் நுரையீரல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கியிருக்கும். அப்போது கழுத்தையும் நெஞ்சையும் இழுத்து நீட்டினால் உள்ளே மெல்லிய இரத்தக்குழாய்கள் கசியக்கூடும். மேலே வந்ததும் தொண்டையில் ஒரு நமைச்சல், துப்பினால் இளஞ்சிவப்பு. மூக்கிலிருந்து வந்திருக்கும் என்று தேற்றிக்கொண்டார். உண்மையில் பல நேரம் அது மூக்கிலிருந்துதான் வரும், அதனால்தான் இது எளிதில் மறைந்துவிடுகிறது. என்னிடம் சொன்னால் பயணம் அத்தோடு முடிந்துவிடும் என்று தெரியும். "அக்காகிட்ட சொல்லிடாதடா" என்று மச்சானிடம் கேட்டுக்கொண்டார். மச்சான் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அடுத்தது அந்த வயிற்று உதறல். அது அவரை மிகவும் பயமுறுத்தியிருக்கிறது. எங்கோ ஒரு வீடியோவில் பார்த்ததை வைத்து, இறங்குவதற்கு முன் வேகவேகமாக ஆழ்ந்து மூச்சுவிட்டால் உதறல் வராது என்று முடிவுசெய்திருக்கிறார். நான் கயிற்றோடு மல்லுக்கட்டிய அந்த இரண்டு நிமிடத்தில் அதைத்தான் செய்தார். உதறல் வராது என்பது உண்மைதான், அதுதான் ஆபத்தும். மூச்சு வேண்டும் என்று உடல் கதறுவது ஆக்சிஜன் குறைவதால் இல்லை, கரியமில வாயு கூடுவதால். இப்படி மூச்சை வீசினால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடாது. கரியமில வாயு மட்டும் கழுவிப்போகும். தீ பிடிக்கிறது, மணி அடிக்கவில்லை.

மூன்றாவது செய்தி அண்ணையிடமிருந்து வந்தது. அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. "தம்பி இறங்க முன்னம் கனக்க மூச்சு இழுத்து இழுத்து விட்டவர், தங்கச்சி. நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். உது உங்கட பழக்கமாக்கும் எண்டு நினைச்சு விட்டிட்டன்." அவர் இளைஞராக இருந்தபோது கூடச் சுழியோடிய ஒருவர் இப்படித்தான் மேலே வரும்போது நித்திரை கொண்டதுபோல் சாய்ந்தாராம். அன்றிலிருந்து அப்படி மூச்சு இழுப்பவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. அத்தனையும் தெரிந்த மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரணம், நான் அவரை வள்ளம் ஓட்டுகிறவராக மட்டுமே வைத்திருந்தேன். காலைக் கூட்டத்துக்கு அவரை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

தட்டில் ஏன் நின்றார் என்றும் கேட்டேன். 24 வினாடி நின்றிருக்கிறார். தட்டைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாராம். கீழே ஒன்றுமில்லை, நீலம் கறுத்துக்கொண்டே போகிறது. "பயமே இல்லக்கா. மூச்சு வேணும்னே தோணல. தாத்தா இதைத்தான் பார்த்திருப்பார்னு நினைச்சேன். அங்கயே பொறந்தவன் மாதிரி இருந்துச்சு."

இதை நான் பொய் என்றோ மயக்கத்தின் பிதற்றல் என்றோ தள்ளமாட்டேன். பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குக் கீழே போனதும் உடல் மிதப்பை இழந்து தானாக விழத் தொடங்கும். இதயத் துடிப்பு தணியும், சத்தம் அடங்கும். கடல் நம்மை ஏற்றுக்கொண்டது போன்ற உணர்வு உண்மையாகவே வரும். பதினோரு வருடமாக நான் அதற்காகத்தான் இறங்குகிறேன். ஆனால் "மூச்சு வேணும்னே தோணல" என்ற பகுதி கடல் கொடுத்ததில்லை. மேலே அவர் வீசி எறிந்த மூச்சு கொடுத்தது. இரண்டும் உள்ளே ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் கொடுமை. அவரால் பிரித்தறிந்திருக்க முடியாது.

தாத்தாவின் கதையிலும் ஒரு விஷயம் அவருக்குப் பிடிபடாமல் இருந்தது. தாத்தா கல்லோடு இறங்கினார், கயிற்றால் ஏறினார். இறங்கவும் ஏறவும் உழைத்தது கல்லும் மேலே இருந்தவரின் கையும். பேரன் இரண்டுக்கும் தன் காலையே நம்பினார். ஒரே ஆழம்தான், செலவு வேறு.

ஏன் ஐந்து மீட்டரில்?

பலரும் கேட்ட கேள்வி இது. 28 மீட்டரில் தெளிவாக இருந்தவர் கரையேறும் நேரத்தில் ஏன் விழ வேண்டும்? ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டலம் கூடுகிறது. 28 மீட்டரில் ஏறக்குறைய நான்கு மடங்கு. அந்த அழுத்தத்தில் நுரையீரலில் மிச்சமிருக்கும் கொஞ்ச ஆக்சிஜன்கூட இரத்தத்துக்குள் நன்றாகவே தள்ளப்படும். மேலே வர வர அழுத்தம் தளர்கிறது. அதிலும் பத்து மீட்டரிலிருந்து நீர்மட்டத்துக்கு வருவதற்குள் அது சரிபாதியாகிறது. கீழே போதுமானதாக இருந்த ஆக்சிஜன் இங்கே திடீரென்று போதாமல் போகிறது, மூளை அணைந்துவிடுகிறது. அவருக்கு இருபத்து நான்கு வினாடி தாமதமும், படபடத்த கால்களின் செலவும் சேர்ந்துகொண்டன. இரண்டு நாள் முன்பு கசிந்த நுரையீரலும் தன் வேலையைக் குறைவாகச் செய்திருக்கும் என்பது என் கணிப்பு.

அதற்குப் பிறகு

நான்கு மாதம் அவர் தண்ணீரில் மூச்சடக்கவே இல்லை. நுரையீரல் மருத்துவர் ஒப்புதல் தந்த பிறகு குளத்துக்கு வந்தார். அடுத்த பருவத்தில் மறுபடி திருகோணமலை. 18 மீட்டர் வரை இறங்கினார், அத்தோடு நிறுத்திக்கொண்டார். "பத்து பாகம் போதும்" என்றார். நான் வற்புறுத்தவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

மச்சானுக்குத்தான் வெகுநாள் எடுத்தது. அக்காவிடம் என்ன சொல்வது என்றே பல வாரம் தவித்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது இல்லை. வாக்கைக் காப்பாற்றுவதுதான் விசுவாசம் என்று நினைத்தார். அதைவிட முக்கியமானது எதுவென்று அவருக்குச் சொல்லித்தந்திருக்க வேண்டியவள் நான். இப்போது அவர் காவல் மூழ்குநராகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார். குளத்தில் நான் கண்டவர்களிலேயே கண்ணை எடுக்காமல் பார்ப்பவர் அவர்.

இப்போது மாற்றியிருப்பவை

பயிற்றுநரே ஒற்றைக் காவலாக இருக்கும் ஏற்பாட்டை அடியோடு விட்டுவிட்டேன். 20 மீட்டருக்கு மேல் என்றால் காவலுக்கு இருவர். ஒருவர் கயிற்றைக் கவனிக்கும்போது மற்றவர் மூழ்கப்போகிறவரின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. கடைசி மூன்று நிமிட மூச்சு முழுக்க யாராவது ஒருவர் பார்வையில் இருக்க வேண்டும். தட்டைத் தொட்டுப் பத்து வினாடியில் கயிற்றில் ஏறும் அசைவு தெரியாவிட்டால் மேலே இருப்பவர் இழுக்கத் தொடங்குவார், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதுவரை போன ஆழத்தைவிட ஒரே நாளில் இரண்டு மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, தாத்தாவுக்காகவும் கூடாது.

இவையெல்லாம் எளிது. கடினமானது அந்த இரத்தம். சொன்னால் பயணம் போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் கட்டண முறையை மாற்றினேன். உடல்நலக் காரணத்தால் நின்றுவிட்டால் மிச்ச நாட்களை அடுத்த பருவத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இதில் நஷ்டம் உண்டு, பரவாயில்லை. ஒவ்வொரு நாளும் மேலே வந்ததும் ஒரு வெள்ளைத் துணியில் துப்பிக் காட்டச் சொல்கிறேன். முதலில் கூச்சப்படுவார்கள், இரண்டாம் நாளில் பழகிவிடும். காலையில் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, அவர்களைப் பற்றியும், கூட வந்தவர்களைப் பற்றியும் கேட்கிறேன். இந்த முறை வந்த பிறகு இரண்டு பேர் தாங்களாகவே வந்து எச்சிலில் இரத்தம் பார்த்ததாகச் சொல்லி நின்றிருக்கிறார்கள்.

காலைக் கூட்டத்தில் அண்ணையும் உட்காருகிறார். ஒவ்வொருவரும் இறங்குவதற்கு முன் அவர் வள்ளத்திலிருந்து கை தூக்க வேண்டும். அவர் தூக்காமல் யாரும் இறங்குவதில்லை, நான் உட்பட. போன ஜூலையில் ஒருநாள், எல்லாம் தயாரான பிறகும் அவர் கை தூக்கவில்லை. ஏன் அண்ணை என்று கேட்டேன். "அந்தப் பிள்ளை இரவு நித்திரை கொள்ளேல்லை. கண்ணைப் பாருங்கோ" என்றார். அந்த மாணவி அன்று வள்ளத்திலேயே இருந்து எங்களுக்காக நேரம் குறித்தாள்.